நிலா வெளிச்சத்தில் பார்த்த முகம்

ஒரத்தநாடு பக்கம் ஒரு போர்செட் கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எல்.இ.டி. பல்பு எரிகிறது. ஏதோ சத்தம் கேட்டு வயல்காரர் வெளியே வருகிறார். இருபது மீட்டர் தள்ளி, மோட்டார் ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஒருவன் ஓடுகிறான். ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறான். வாக்குமூலத்தில் இது, "நிலா வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன், மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்" என்று பதிவாகும். வயல்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் அவர் கண்ணுக்கு என்ன கிடைத்திருக்கும்?

பௌர்ணமி நிலா உச்சியில் நின்றாலும் தரையில் விழும் ஒளி 0.3 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டுவது அரிது. டச்சு உளவியலாளர் வாகெனார் 1996-இல் சக ஆய்வாளருடன் வெளியிட்ட 'பதினைந்து விதி' இப்படிச் சொல்கிறது: முன்பின் தெரியாத முகத்தை நம்பும்படி அடையாளம் காண 15 லக்ஸாவது வெளிச்சம் வேண்டும், தூரம் 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நிலா தருவது அதில் ஐம்பதில் ஒரு பங்கு. விழித்திரையில் நுணுக்கம் தெரியும் நடுக்குழியில் கூம்பு செல்கள்தான் உண்டு. நிலவொளியில் அவை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். இரவில் உழைக்கும் கோல் செல்கள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆகவே எதை உற்றுப் பார்க்கிறோமோ அதுவே மங்கும். கோல் செல்களுக்குச் சிவப்பு ஒளி ஏறக்குறைய எட்டாது. சிவப்புச் சட்டை கறுப்பாகத் தெரியும். பல்பு வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். திருடன் அதுவரை நிற்கவா போகிறான்?

ஓடியவன் பக்கத்து வயல்காரன் என்றால் கணக்கு வேறு. பழகிய ஆளை நடையிலும் இருமலிலும் கண்டுகொள்ளலாம். பதினைந்து விதி அந்நியர்களுக்கானது.

1858-இல் அமெரிக்காவில் ஒரு கொலை வழக்கில் சாட்சி, நிலவொளியில் 150 அடி தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொன்னார். அப்போது வழக்கறிஞராக இருந்த ஆபிரகாம் லிங்கன் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார்: அந்நேரம் நிலா அடையும் தறுவாயில் இருந்தது. நம்மிடம் பஞ்சாங்கத்துக்கா பஞ்சம்! திதியோடு கரண்ட் இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பார்வை மகஜரில், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பதிவில், 'அருகில் தெருவிளக்கு உள்ளது' என்று ஒரு வரி இருந்தால் போதாது. அன்று எரிந்ததா, என்ன விளக்கு, சாட்சி நின்ற இடத்துக்கும் ஆள் ஓடிய இடத்துக்கும் டேப் வைத்து எத்தனை மீட்டர் என்பதும் வேண்டும்.

கண் தவறாத இடத்திலும் கேள்வி நினைவை மாற்றிவிடும். உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் கார் விபத்துப் படங்களைக் காட்டி வேகம் கேட்டார்கள். கேள்வியில் 'தொட்டபோது' என்ற வினை இருந்தால் சராசரி பதில் மணிக்கு 31.8 மைல், 'நொறுங்க மோதியபோது' என்றால் 40.5. தஞ்சாவூர்–நாகை சாலையில் விபத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் "உரசிடுச்சு" என்பார், இன்னொருவர் "இடிச்சிடுச்சு" என்பார், மூன்றாமவர் "தூக்கிடுச்சு" என்பார். ஸ்டேஷன் தமிழில் மூன்றும் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து' என்றாகிவிடும். பிறகு கோர்ட்டுக்குப் போகுமுன் அதைப் படித்துக்காட்டினால், அந்த வேகம் சாட்சியின் நினைவிலேயே ஒட்டிக்கொள்ளக்கூடும். இடையில் நிறுத்தாமல் முதலில் முழுதாகச் சொல்லவிட்டு, அவர் சொன்ன வினைச்சொல்லையே எழுதினால் பாதிச் சேதம் குறையும்.

அடையாள அணிவகுப்பு சிறையில், மாஜிஸ்திரேட் முன் நடப்பது. வயது, உயரம், உடல்வாகு ஒத்தவர்களோடு சந்தேக நபரை நிறுத்துவார்கள், சாட்சி தான் பார்த்த ஆளைத் தொட்டுக் காட்ட வேண்டும். தழும்பு இருந்தால் எல்லோருக்கும் அதே இடத்தில் மறைப்பு ஒட்டுவது நல்ல முறை. அதைவிட முக்கியமானது ஒரு வாக்கியம்: "அந்த ஆள் இதில் இல்லாமலும் இருக்கலாம்." மால்பாஸ், டிவைன் என்ற ஆய்வாளர்கள் 1981-இல் குற்றவாளி இல்லாத வரிசையைக் காட்டினார்கள். 'இருக்கிறான்' என்ற தொனியில் கேட்டபோது 78 சதவீதம் பேர் யாரையோ சுட்டினார்கள். 'இல்லாமலும் இருக்கலாம்' என்றபோது அது 33 சதவீதம்.

நம் பக்கம் ஆட்களை இடம் மாற்றி நிறுத்தி மூன்று சுற்று நடத்தும் வழக்கம் உண்டு. 'மூன்று முறையும் சரியாகக் காட்டினார்' என்பது கேட்க வலுவாக இருக்கும். ஆனால் இரண்டாம் சுற்றில் சாட்சி தேடுவது வரப்பில் ஓடியவனை அல்ல, முதல் சுற்றில் தான் தொட்ட முகத்தை. இதற்கெல்லாம் முன்பே கைதானவரின் படம் டீக்கடையில் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் முதல் சுற்றே இரண்டாவது சுற்றுதான்.

நினைவைக் கலப்படமில்லாமல் ஒரே ஒரு முறைதான் சோதிக்க முடியும் என்று விக்ஸ்டெட், வெல்ஸ், லாஃப்டஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021-இல் வாதிட்டார்கள். சட்டம் நேர்மாறாக நிற்கிறது: அணிவகுப்பு துணைச் சான்று மட்டுமே, வருடங்கள் கழித்து கோர்ட்டில் கைநீட்டுவதுதான் மூலச் சான்று. அங்கே எதிரே கூண்டில் நிற்பவர் யார் என்று யாருக்குத்தான் தெரியாது?

ஆகவே பதிவு செய்ய வேண்டியது முதல் முறை தொட்ட அந்தக் கணத்தில் சாட்சிக்கு எவ்வளவு உறுதி என்பதை, அவர் வாயால் வந்தபடியே: "இவர் மாதிரிதான் இருக்கு" என்றால் அப்படியே. அதற்குள் யாராவது "சரியாத்தான் காட்டினீங்க" என்று சொல்லிவிட்டால் போச்சு. வெல்ஸும் பிராட்ஃபீல்டும் 1998-இல் தவறான ஆளைச் சுட்டியவர்களிடம் இப்படிச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களின் உறுதி கூடியதோடு, அன்று முகத்தைத் தெளிவாகப் பார்த்ததாகவும் சொல்ல ஆரம்பித்தார்கள்.