ரீஃபர்பிஷ்டு: துரு தேய்த்த வாளும் பழைய மடிக்கணினியும்

பழைய மடிக்கணினி வாங்கப் போனால் விலைச்சீட்டில் ‘ரீஃபர்பிஷ்டு’ என்று போட்டிருக்கும். “செகண்ட் ஹேண்ட்தானே?” என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முகம் மாறிவிடும். அவர் பக்கம் நியாயம் உண்டு. செகண்ட் ஹேண்ட் என்றால் பொருள் கை மாறியது, அவ்வளவுதான். ரீஃபர்பிஷ்டு என்றால் நடுவில் ஒருவர் அதைத் திறந்து, மின்விசிறியில் அடைந்த தூசியைத் தட்டி, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டு, முன்பு வைத்திருந்தவரின் கோப்புகளை அழித்து, ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். (எல்லாக் கடையிலும் இத்தனையும் நடக்கிறதா என்பது வேறு கதை.)

சொல்லின் வேர் ஆயுதப் பட்டறையில் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் ‘ஃபோர்பீர்’ என்றால் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. அதற்கும் மூலம் ஒரு ஜெர்மானியச் சொல். வாள் துலக்குவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ‘ஃபுர்பிஸ்ஸர்’ என்று பெயர். ஆங்கிலத்துக்கு வந்து ‘ஃபர்பிஷ்’ ஆனது. 17ஆம் நூற்றாண்டில் முன்னால் ‘ரீ’ ஒட்டிக்கொண்டது.

இதை ‘மறுசுழற்சி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 2000இல் தொடங்கிய ‘ஃப்ரீ கீக்’ அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரார் வேண்டாம் என்று கொடுத்த கணினிகளைத் தன்னார்வலர்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஓடக்கூடியவற்றைச் சரிசெய்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினார்கள். 24 மணி நேரம் வேலை செய்து கொடுத்தவர் ஒரு கணினியை வீட்டுக்கு எடுத்துப் போக முடிந்தது. தேறாதவைதான் உலோகம் வேறு, பிளாஸ்டிக் வேறாகப் பிரிந்து மறுசுழற்சிக்குப் போயின. கணினி கணினியாகவே இன்னொரு வீட்டுக்குப் போனால் அங்கே எதுவும் சுழலவில்லை. காயலான் கடையில் சேர்ந்த மானிட்டர் உடைபட்டு, அதன் செம்பு உருகி வேறு பொருளானால்தான் மறுசுழற்சி. இந்தியாவின் 2022 மின்கழிவு விதிகளும் ரீஃபர்பிஷர், ரீசைக்ளர் இருவரையும் தனித்தனிப் பிரிவாகவே பதிவு செய்யச் சொல்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘புதுப்பித்த’ என்பதுதான் முதலில் நாக்கில் வரும். ஆனால் ஓட்டுநர் உரிமத்தையும் புதுப்பிக்கிறோம், மென்பொருளையும் புதுப்பிக்கிறோம். ‘புதுப்பித்த கணினி’ என்றால் அப்டேட் போட்ட கணினி என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. தவிர, பழையதைப் புதிது என்று காட்டும் தொனியும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘மறுசீரமைப்பு’ வங்கிக் கடனுக்கும் மாநில எல்லைக்கும் போய்விட்டது.

எனக்குப் பிடித்த சொல் ‘திருத்திய’. தமிழ்நாட்டில் விடைத்தாளைத்தான் திருத்துகிறோம்; இலங்கையில் சைக்கிள், வாகனம், வானொலி எல்லாவற்றையும் திருத்துவார்கள். ‘திருத்துமிடம்’ என்று கடைப் பலகையே இருக்கும். இந்தப் பொருள் புதிதும் அல்ல. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனது ஆயுதங்களைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. மயிற்பீலி அணிந்து, காம்பு ‘திருத்தி’, நெய் பூசி வைத்த ஆயுதங்கள் அவை. அதியமானின் வேல்களோ போரில் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. பிரெஞ்சுக்காரரின் வாளுக்கு நேர்ந்ததற்கு நம்மிடம் இருந்த சொல் இந்தத் ‘திருத்தி’தான்.

ஆனால் சென்னையில் ஒரு கடை ‘திருத்திய மடிக்கணினி’ என்று எழுதிவைத்தால், தட்டச்சுப் பிழையைத் திருத்தினார்களோ என்று கேட்பார்கள். அதனால் தமிழ்நாட்டுக்கு ‘செப்பனிட்ட’ என்பதைச் சொல்வேன். செப்பம் என்றால் நேர்த்தி, ஒழுங்கு. வள்ளுவர் அதை நடுவுநிலைமைக்கே பயன்படுத்தியிருக்கிறார். சாலையையும் ஏரிக்கரையையும் செப்பனிடுகிறோம் என்பதால் யாருக்கும் விளக்கவும் வேண்டாம். செப்பனிட்ட மடிக்கணினி, செப்பனிடுபவர், செப்பனிடும் கூடம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் திருத்திக்கொண்டே இருக்கட்டும்.