சிற்றுண்ணி: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘மைட்’ எனப்படும் மிகச் சிறிய எட்டுக்கால் உயிருக்குத் தமிழில் சிற்றுண்ணி என்று பெயர். ஓர் எழுத்து வழுக்கினால் இது சிற்றுண்டி ஆகிவிடும். அதில் வியப்பில்லை, இரண்டுக்கும் வேர் ‘உண்’ தான். உண்பது எதுவோ அது உண்ணி. ஊனுண்ணி, அனைத்துண்ணி என்று சேர்ந்து வரும்போது இந்தப் பொருள் பளிச்சென்று தெரியும். தனியாக உண்ணி என்றாலோ நினைவுக்கு வருவது நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும் பூச்சி. உண்ணிக்கொக்குக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். பூச்சி என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். சிலந்திக்கும் தேளுக்கும்தான் உண்ணி சொந்தம்.

ஆங்கிலத்தில் ‘டிக்’ எனப்படுவதற்கு உண்ணி என்ற சொல் அப்படியே பொருந்துகிறது. தகராறு ‘மைட்’ என்பதில்தான். பயிரில் வந்தால் அதைச் செஞ்சிலந்தி என்கிறார்கள். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்புவதும் மைட் வகைதான், ஆனால் நோய்க்கு உண்ணிக் காய்ச்சல் என்று பெயர். இந்தக் குழப்பத்துக்கு நடுவே சிறுமை + உண்ணி = சிற்றுண்ணி என்பது நல்ல ஆக்கம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாதவை என்பதால் அடைமொழியும் பொருத்தமே.

ஒரு நெருடல் மட்டும் உண்டு. சிற்றுண்ணி என்றதும், உண்ணிகளில் சிறியது என்று தோன்றும். விலங்கியல் வகைப்பாட்டில் உறவு தலைகீழ். சிற்றுண்ணியும் உண்ணியும் அடங்கிய அகாரி என்ற பெருங்கூட்டத்தில் பெயரிடப்பட்டவை மட்டுமே 50,000 இனங்கள் இருக்கும். இரத்தம் குடிக்கும் உண்ணிகள் அதில் ஏறத்தாழ 900 இனங்கள் கொண்ட ஒரு சிறு கிளை. அதாவது உண்ணிதான் பெருத்துப்போன சிற்றுண்ணி! அகாரிக்குள் உள்ள இரு பெரும்பிரிவுகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையா என்ற வாக்குவாதமே ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

அகாரி கிரேக்கச் சொல். வெட்ட முடியாத அளவுக்குச் சிறியது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பழைய தேன்மெழுகில் காணப்படும் மிகச் சிறிய வெள்ளை உயிர் என்று அரிஸ்டாட்டில் அதைக் குறித்திருக்கிறார். 1758-இல் உயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் அகாரஸ் என்று பேரினப் பெயர் வைத்தபோது, மாவில் வாழ்வதையும் மனிதத் தோலில் சொறி உண்டாக்குவதையும் ஒரே இனத்தில் போட்டுவிட்டார். சொறிச் சிற்றுண்ணியைத் தனி இனமாகப் பிரித்தவர் ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் தெ கீர், 1778-இல்.

இதைவிடப் பெரிய குழப்பம் தேனீக் கூட்டில் நடந்தது. ஜாவாவில் ஆசியத் தேனீயிடம் கிடைத்த ஒரு சிற்றுண்ணியை டச்சு விலங்கியலாளர் ஔடமன்ஸ் 1904-இல் வரோவா ஜேக்கப்சோனி என்று விவரித்தார். வேளாண்மையையும் தேனீயையும் பற்றி எழுதிய ரோமானிய அறிஞர் வாரோவின் நினைவாகப் பேரினப் பெயர். சேகரித்துக் கொடுத்த ஜேக்கப்சன் பெயரில் இனப் பெயர். பின்னாளில் ஐரோப்பியத் தேனீக் கூடுகள் நாடு நாடாக அழிந்தபோது பழியும் இந்தப் பெயரின் மேல்தான் விழுந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் டெனிஸ் ஆண்டர்சனுக்கு ஒன்று உறுத்தியது: ஜாவா வகை, ஐரோப்பியத் தேனீயின் புழு அறைக்குள் நுழைந்தும் அங்கே பெருகவில்லை. அப்படியானால் உலகெங்கும் பெருகுவது எது? அவரும் ஜான் ட்ரூமனும் டி.என்.ஏ.வையும் உடல் அளவையும் ஒப்பிட்டு, அது வேறு இனம் என்று 2000-இல் காட்டினார்கள். வரோவா டெஸ்ட்ரக்டர் என்று புதுப் பெயர் வைத்தார்கள். அழிப்பது என்று பொருள். அதன் பெண் ஜாவா வகையைவிடப் பெரியது, நீளத்தைவிட அகலம் கூடியது. முந்தைய பல ஆய்வுகளில் ஜேக்கப்சோனி என்று இருந்த இடங்களில் உண்மையில் பேசப்பட்டது இந்த இனம்தான். ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை: சில ஆண்டுகளில் பப்புவா நியூ கினியில் ஜேக்கப்சோனியும் ஐரோப்பியத் தேனீயிடம் பெருகத் தொடங்கியது.

இனப் பெயர்களைத் தமிழாக்க வேண்டாம், ஒலிபெயர்த்தால் போதும் என்பது என் கருத்து. ‘வரோவா அழிப்பான்’ என்று எழுதினால் பூச்சிமருந்து டப்பா போல இருக்கும்.

அப்புறம், ‘பாரசைட்’டுக்கு நம்மிடம் உள்ள ஒட்டுண்ணி அருமையான சொல். கிரேக்க மூலத்திலும் பிறர் பந்தியில் ஒட்டிக்கொண்டு சாப்பிடுபவன் என்றுதான் பொருள். ஆனால் எல்லாச் சிற்றுண்ணியும் ஒட்டுண்ணி அல்ல; மண்ணில் மக்கிய இலை தின்பவையும், நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வீட்டுத் தூசியில் வாழ்பவையும் உண்டு. பிரித்துக் காட்ட ‘ஒட்டுண்ணிச் சிற்றுண்ணி’ என்று எழுதினால் ஒரே தொடரில் இரண்டு உண்ணி. தேனீச் சிற்றுண்ணி, சொறிச் சிற்றுண்ணி என்று இடத்தையோ நோயையோ முன்னால் வைத்தால் போதும். இவற்றை ஆராயும் துறைக்கு மட்டும் சிற்றுண்ணியியல் என்ற பெயர் வேண்டாம்: நாக்கு சுளுக்கும், பெரிய உண்ணியும் வெளியே நின்றுவிடும். உண்ணியியல் என்றால் இரண்டும் அடங்கும்.