புகார் கொடுக்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

சம்பளப் பாக்கி, ஓ.டி. தரவில்லை, சாப்பிடக்கூட விடுவதில்லை என்று வழக்குக்காக என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலாளியின் குணத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எவ்வளவு குறைகிறது என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் தொழிலாளர் ஆய்வாளர் கணக்குப் போட்டுப் பார்க்க அதில் ஒன்றும் இருக்காது.

அதனால் மனு எழுதுவதற்கு முன்பே ஒரு நோட்டு வாங்கச் சொல்வேன். பில்லிங் கவுன்டரில் வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்த நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: "8.40 உள்ளே. 1.15 சாப்பிட உட்கார்ந்தேன். 1.22 கவுன்டருக்குக் கூப்பிட்டார்கள். அப்புறம் போக முடியவில்லை. 7.50 வெளியே." அவ்வளவுதான், ஒரு திட்டுகூட இல்லை. அவருடைய சம்பளக் கணக்கிலோ தினமும் அரை மணி நேரம் இடைவேளை என்று கழித்திருந்தார்கள். 1.24க்கு அவர் ஐடியில் ஒரு பில் அடித்திருக்கிறது என்றால், அந்த நேரத்தில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அன்றன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே மையில் நிரப்பிவைத்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட வசதி வேறில்லை. ஷிப்ட் மாற்றம், "சீக்கிரம் வா" என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்த மெயிலில் போட்டுவையுங்கள். ஆபீஸ் மெயிலில் வைத்தால் வேலை போகிற அன்றே அதுவும் போய்விடும். வாடிக்கையாளர் விவரம், கம்பெனி ரகசியம் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள்; வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

இடைவேளை விஷயம் சம்பளத்தைவிடச் சிக்கலானது. சம்பளம் குறைந்தால் வங்கிக் கணக்கில் தெரிந்துவிடும். பறிபோன இடைவேளை எங்கேயும் பதிவாகாது. சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்பது இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த அளவு. பிரிட்டனில் 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிடம். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டமோ பெரியவர்களுக்கு இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்வதே இல்லை. ஆனால் 5 முதல் 20 நிமிடம் வரை கொடுக்கும் சிறு இடைவேளையைச் சம்பள நேரமாகவே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. சாப்பாட்டு நேரத்துக்குச் சம்பளத்தைக் கழிக்க வேண்டுமென்றால், அந்த நேரம் முழுக்க ஆளை வேலையிலிருந்து விட்டிருக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே போனை எடுக்கச் சொன்னால் அதுவும் வேலைதான்.

ஆகவே மனுவில் "இடைவேளை தரவில்லை" என்பதோடு நிறுத்தாமல், "இடைவேளை என்று கழித்த நேரத்திலும் வேலை வாங்கினார்கள்" என்றும் எழுதுங்கள். பணமாகத் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வரியால்தான்.

"ரெக்கார்டு எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறதே" என்று பலர் தயங்குகிறார்கள். 1946இல் மவுன்ட் கிளெமன்ஸ் மண்பாண்டத் தொழிற்சாலை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. பதிவேடு வைக்க வேண்டியவர் முதலாளி. அவர் அதைச் சரியாக வைக்கவில்லை என்றால், தொழிலாளி நியாயமாக ஏற்கத்தக்க ஒரு கணக்கைக் காட்டினால் போதும். அது தப்பு என்று காட்டுவது முதலாளியின் பாடு. இந்தியாவின் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும், சம்பளத்தைக் கொடுத்துவிட்டதாக நிரூபிக்கும் பொறுப்பை முதலாளி மேல்தான் வைக்கிறது.

அடுத்தது பயம். புகார் தந்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது, புகாரின் பேரில்தான் வந்திருக்கிறேன் என்றுகூடக் காட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1947ஆம் ஆண்டு உடன்படிக்கை. புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1982ஆம் ஆண்டு உடன்படிக்கையும் சொல்கிறது. ஏட்டில் எல்லாம் சரி. பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் யார் கொடுத்திருப்பார் என்று ஊகிக்க எத்தனை நேரமாகும்? இரண்டு மூன்று பேராவது சேர்ந்து கையெழுத்துப் போடச் சொல்வது அதனால்தான். சேர யாரும் இல்லை என்றால், புகார் கொடுத்த தேதிக்கான ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். அதற்குப் பிறகு திடீரென்று மெமோ வந்தால், எது முதலில் நடந்தது என்பதை அந்தத் தேதி காட்டிக்கொடுக்கும்.

"வேலையை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றும் ரொம்ப நாள் ஆறப்போடாதீர்கள். பாக்கியைக் கேட்க அமெரிக்கச் சட்டத்தில் கெடு 2 ஆண்டு, வேண்டுமென்றே செய்த மீறல் என்றால் 3 ஆண்டு. இந்திய ஊதியத் தொகுப்பில் 3 ஆண்டு. இதைவிடக் குறுகிய கெடு உள்ள நாடுகளும் உண்டு.

மனு உள்ளே போனதும் சமரசம் பேசப் போன் வரும். போய்ப் பேசுவதில் தப்பில்லை. "முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற தாளை நீட்டினால், நோட்டில் உள்ள கணக்கோடு தொகையை ஒத்துப்பாருங்கள். பணம் கணக்கில் ஏறுவதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள். தாளின் நகல் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தரமாட்டோம் என்றால், வேறொருவரிடம் காட்டிக் கேட்காமல் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.