மலைக்காட்டில் நடக்க அனுமதி வாங்குவது எப்படி?

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ விடிகாலையில் கிளம்பி, மலையில் நடந்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பும் எண்ணம் இருந்தால், அந்த மலை காப்புக்காடா, அதாவது அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த காடா என்று முதலில் விசாரியுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வேலி இல்லை, பலகை இல்லை, ஊர்க்காரர் ஒருவர் கூடவே வந்தார் என்பதெல்லாம் வனச்சரகரிடம் எடுபடாது.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. அப்புறம் 2024 அக்டோபரில், அனுமதியோடு மலையேறுவதற்கான அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. சென்னைக்காரர்களுக்குப் பக்கம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைத் தடம். கற்கால மனிதர்கள் புழங்கிய இடம் என்பதால், நடையில் பெரிய ஆர்வம் இல்லாதவர்களுக்கும் பிடிக்கும்.

முன்பதிவு முழுக்க ஆன்லைனில்தான். தடத்தையும் தேதியையும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்ட வேண்டும். கட்டணம் தடத்துக்குத் தடம் மாறும். பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் உடன் வருவார்; பெரும்பாலும் அந்த மலையின் பழங்குடி இளைஞராகவோ காட்டோர ஊர்க்காரராகவோ இருப்பார். யானைத் தடம் எது, எங்கே பேச்சை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கட்டணத்தில் உருப்படியான பகுதி இதுதான் என்பேன். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. நடை தொடங்கும் இடம்வரை போய்ச் சேருவது உங்கள் பொறுப்பு.

பதிவு செய்த தடத்துக்கு மட்டும்தான் அனுமதி. பக்கத்து உச்சி அழகாகத் தெரிகிறதே என்று விலகிப் போக முடியாது. சமூக ஊடகத்தில் ஆள் சேர்க்கும் குழுக்களோடு போவதாக இருந்தால், பணம் அனுப்புமுன் வனத்துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

கோடையைக் கவனிக்க வேண்டும். காட்டுத்தீ அபாயத்தால் 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தடங்களை மூடினார்கள். வெள்ளியங்கிரி மலைக்குப் பக்தர்கள் ஏறுவது இதில் சேராது. அது தனி ஏற்பாடு; பொதுவாக பிப்ரவரி முதல் மே வரை அனுமதிப்பார்கள்.