ஈ.எஸ்.ஜி.: மூன்றாம் எழுத்துக்குத் தமிழ் என்ன?

பெரிய சுரங்க நிறுவனம் எதன் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் ஈ.எஸ்.ஜி. (என்விரான்மென்டல், சோஷியல், கவர்னன்ஸ்) என்ற மூன்றெழுத்து கண்ணில் படும். முதலீட்டாளர்கள் ஒரு நிறுவனத்தை எடைபோடும் மூன்று கோணங்கள் அவை. தமிழ் நாளிதழ்கள் அதைப் பெரும்பாலும் 'சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்' என்று விரித்து எழுதுகின்றன. முதல் இரண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதில் பொருள் நழுவிவிடுகிறது. சுரங்கத் தொழிலைப் பொறுத்தவரை முதல் இரண்டும் நிற்பதும் விழுவதும் அந்த மூன்றாவதால்தான்.

இந்தச் சுருக்கத்துக்கு வயது அதிகமில்லை. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான், உலகின் பெரிய நிதி நிறுவனங்களை ஒரு கூட்டு முயற்சிக்கு அழைத்தார். அதன் விளைவாக 2004-ல் வெளியான அறிக்கை வழியாகவே ஈ.எஸ்.ஜி. பரவத் தொடங்கியது. 2006-ல் நியூயார்க் பங்குச் சந்தையில் 'பொறுப்புள்ள முதலீட்டுக்கான கோட்பாடுகள்' அறிவிக்கப்பட்ட பிறகு நிலைபெற்றது. ஆக, இது ஆற்றங்கரையிலோ தொழிற்சங்கத்திலோ பிறந்த சொல் அன்று. பணம் போடுகிறவர்களின் மேசையில் பிறந்தது. 'இந்த ஆறு கெடுமா?' என்பதைவிட 'இந்த ஆறு கெட்டால் நம் முதலீடு என்னவாகும்?' என்பதே அதன் முதற்கேள்வி. சுரங்கத்தை ஒட்டிய ஊரில் பள்ளிக்கூடம் கட்டித்தருவதை ஈ.எஸ்.ஜி. என்று எழுதுவது இதனால்தான் பிழை. அதற்கு நிறுவனச் சமூகப் பொறுப்பு என்ற வேறு பெயர் இருக்கிறது. மூன்றெழுத்தில் 'பொறுப்பு' என்ற சொல்லே கிடையாது. அதை நாமாகத்தான் சேர்த்துக்கொள்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிக்கை விதிகள், உலகால் நிறுவனத்துக்கு வரும் இடர், நிறுவனத்தால் உலகுக்கு வரும் கேடு என இரண்டையும் கேட்கத் தொடங்கியது பின்னால் வந்த திருத்தம்.

இனி மூன்றாம் எழுத்து. 'கவர்னன்ஸ்' என்பதன் வேர், கப்பலின் சுக்கானைப் பிடித்துச் செலுத்துவதைக் குறிக்கும் கிரேக்க வினை. அது லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கவர்னரும் அந்த வழியில் வந்தவர்தான். 'சைபர்' என்ற முன்னொட்டுக்கும் வேர் அதுவே. நிர்வாகம் என்பதோ வடமொழியில் எடுத்த காரியத்தை நடத்தி முடிப்பதைச் சுட்டும் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் 'மேனேஜ்மென்ட்'டுக்கு மிகச் சரியாகப் பொருந்தும். துடுப்பு வலிப்பது நிர்வாகம். எந்தத் திசையில் போவது, பாறையில் மோதினால் யார் பதில் சொல்வது என்று தீர்மானிக்கும் ஏற்பாடு வேறு. அதற்குத் தமிழில் 'ஆளுகை' இருக்கிறது. ஆள் என்ற வினையடியில் பிறந்த சொல். பழைய கிறித்தவத் தமிழில் தாராளமாகப் புழங்கியது. இலங்கைத் தமிழர் 'கூட்டாண்மை ஆளுகை' என்று நெடுநாளாக எழுதிவருகிறார்கள். தமிழ்நாட்டு அரசு வழக்கில் 'ஆளுமை' என்றும் ஆளப்படுகிறது. ஆனால் ஆளுமை என்றதும் மனிதரின் குணம்தான் பலருக்கு நினைவுக்கு வரும் என்பதால் எனக்கு அதில் ஒப்புதல் இல்லை.

நிர்வாகம் வேறு, ஆளுகை வேறு என்பதற்கு பிரேசிலின் புருமாதினோவைவிடக் கொடிய சான்று வேண்டாம். அங்கே வாலே நிறுவனத்தின் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் கழிவுச்சேற்றைத் தேக்கிய அணை 2019 ஜனவரி 25 அன்று மதிய உணவு நேரத்தில் உடைந்தது. 270 பேர் இறந்தனர். அணை 'மேல்நோக்கி உயர்த்தும்' முறையில் கட்டப்பட்டது. அதாவது ஒவ்வொரு முறை உயரத்தைக் கூட்டும்போதும், முன்பு கொட்டிய கழிவின் மீதே அடுத்த கரையை எழுப்புவது. செலவு குறைவு. ஆனால் அடியிலுள்ள கழிவில் நீர் ஊறியிருந்தால், ஒரு கட்டத்தில் திடமாகத் தெரிந்தது திரவம்போல ஓடும். அந்த அணைக்கு நேர் கீழே இருந்தவை தொழிலாளர்களின் உணவுக்கூடமும் அலுவலகங்களும். அபாயச் சங்கு ஒலிக்கவில்லை.

நிர்வாகம் என்ற அளவில் எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது. அணை உறுதியாக இருக்கிறது என்று 2018-ல் ஒரு வெளித் தணிக்கை நிறுவனம் சான்றிதழ் கொடுத்திருந்தது. சான்று கொடுப்பவருக்குக் கூலி கொடுப்பவர் சான்று வாங்குபவர். 'இல்லை' என்று சொல்லும் பொறியாளரின் குரல் இயக்குநர் குழுவரை எட்ட வழி இருக்கிறதா, எட்டினால் யார் கையெழுத்தில் வேலை நிற்கும்? இந்தக் கேள்விகள்தான் ஆளுகை. உடைந்தபின் அது சேறாகிச் சுற்றுச்சூழலாயிற்று, சாவாகிச் சமூகமாயிற்று.

முதலீட்டாளர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதிய வாரியமும் ஸ்வீடன் ஓய்வூதிய நிதிகளின் அறநெறிக் குழுவும் சேர்ந்து, 2019-ல் 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் 'உங்கள் கழிவணைகள் எங்கே இருக்கின்றன, எப்படிக் கட்டியவை?' என்று எழுதிக் கேட்டன. எல்லா நாட்டுக் கழிவணைகளையும் காட்டும் பொதுப் பட்டியல் அப்போது கிடையாது. 2020 ஆகஸ்டில் கழிவணைகளுக்கான உலகத் தரநிலை வந்தது. அதில் மண்ணியலும் நீரியலும் எவ்வளவு உண்டோ, அவ்வளவுக்கு ஆளுகையும் உண்டு: அணைகளுக்காகத் தலைமைச் செயல் அலுவலரிடம் நேரடியாகப் பதில் சொல்லும் ஓர் உயரதிகாரி வேண்டும், சார்பற்ற மறுஆய்வாளர்கள் வேண்டும், ஊக்கத்தொகையைக் கணக்கிடும்போது உற்பத்தியோடு பாதுகாப்பும் எண்ணப்பட வேண்டும்.

2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகான் பள்ளத்தாக்கில் நடந்தது ஆளுகைத் தவறின் இன்னொரு வகை. 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கிய தடயம் கொண்ட பாறைக் குகைகளை ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத்தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. 2013-லேயே அரசின் அனுமதி வாங்கியிருந்தது, சட்டப்படி குற்றமில்லை. 2014-ல் நடந்த அகழாய்வில் சுமார் 4,000 ஆண்டுப் பழமையுள்ள பின்னிய தலைமுடித் துண்டு கிடைத்தது. அந்த முடியின் மரபணு, நிலத்துக்கு உரிய பூட்டு குன்ட்டி குர்ராமா என்ற பூர்வகுடி மக்களின் மரபணுவோடு ஒத்தது. நிறுவனத்துக்கு இது தெரியும். தெரிந்தும் அந்த அறிவு வெடிமருந்து வைக்கும் முடிவை மாற்றவில்லை. இயக்குநர் குழு முதலில் உயரதிகாரிகளின் ஊக்கத்தொகையை மட்டும் வெட்டியது. முதலீட்டாளர்கள் விடாமல் நெருக்கியபின், அதே ஆண்டு செப்டம்பரில் தலைமைச் செயல் அலுவலரும் இரண்டு உயரதிகாரிகளும் விலகுவதாக அறிவிப்பு வந்தது.

மற்ற சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம். சுற்றுச்சூழல் என்றாலும் சூழல் என்றாலும் சரிதான், இலங்கையில் சுற்றாடல். சமூகத்துக்கு மாற்று தேட வேண்டியதில்லை. 'சுரங்கம்' மட்டும் கொஞ்சம் வேடிக்கையானது. கிரேக்கத்தில் குழலைக் குறித்த சொல் வடமொழி வழியாக இங்கு வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. குழல்போன்ற நிலத்தடி வழியைக் குறித்த சொல்லுக்கு முன்னால் 'திறந்தவெளி' என்று ஒட்டவைத்து, வானம் பார்த்த பெருங்குழியையும் சுரங்கம் என்கிறோம். துறை முழுவதையும் குறிக்க 'அகழ்வுத் தொழில்' என்றால் எண்ணெய்க் கிணறுவரை எல்லாம் அடங்கும்.

எழுதும்போது முதல் இடத்தில் 'சூழல், சமூக, ஆளுகை' என்று விரித்துவிட்டு, பிறகு ஈ.எஸ்.ஜி. என்று தொடரலாம். 'சூசஆ' என்று சுருக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன், தும்மல் போலிருக்கிறது. பின்னொட்டைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்: முதலீட்டாளர் எடைபோடுபவை காரணிகள், தரமிடும் நிறுவனங்கள் கொடுப்பது மதிப்பீடு, நிறுவனம் செய்ய வேண்டியதைச் சொல்லும் இடத்தில் மட்டும் பொறுப்பு. அங்கும், கழிவணைத் தரநிலை கேட்கும் அந்த உயரதிகாரியைப் 'பொறுப்பதிகாரி' என்று மொழிபெயர்த்தால், தற்காலிகமாக நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ற பொருள் வந்துவிடும். அதற்கு இலங்கைத் தமிழின் 'பொறுப்புக்கூறல்' கைகொடுக்கிறது. அவர் பொறுப்புக்கூறும் அலுவலர்.