சாதுவான மாடு வேண்டும் என்றால் காளை வாங்கும்போதே பாருங்கள்

ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் ராக்ஹாம்ப்டன் பக்கம் இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கிறேன். சினைப் பரிசோதனையும் பொலிகாளைகளின் தகுதிப் பரிசோதனையும்தான் பெரும்பாலான வேலை. ஒடுக்கமான சந்து வழியாக ஒவ்வொரு மாடாக வந்து, இங்கே கிரஷ் என்று சொல்லும் இரும்புப் பிடிகூண்டுக்குள் நுழையும். நம் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் மாட்டை நிறுத்திப் பிடிக்கும் டிரெவிஸ் சட்டம் மாதிரிதான், ஆனால் கழுத்தைப் பிடித்து விலாவையும் இறுக்கும். மிரண்ட மாடு அதற்குள் துள்ளினால், பின்னால் கையை விட்டிருக்கும் மருத்துவரின் கை முறியலாம். கதவருகே நிற்கும் பண்ணை ஆள் நசுங்கலாம். இதைத் தொழிலோடு கூடப் பிறந்த ஆபத்து என்று பலர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் இதில் ஒரு பெரிய பங்கு அந்த மந்தைக்கு எந்தக் காளையை வாங்கினோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

நம் ஊர் மாடு தினமும் மனிதக் கை பட்டு வளர்கிறது. கட்டுத்தறி, மூக்கணாங்கயிறு, தண்ணீர் காட்டும் பிள்ளைகள் என்று பழகியே பாதி மிரட்சி போய்விடும். இங்கே வடபகுதிப் பண்ணைகளில் வருஷத்துக்கு ஓரிரு முறை ஹெலிகாப்டர், குதிரை, மோட்டார் பைக் வைத்து ஓட்டிவந்து பட்டியில் அடைக்கும்போதுதான் மாடு மனிதனைக் கிட்டத்தில் பார்க்கிறது. அதனால் பிறவிக் குணம் அப்படியே வெளியே வரும். இந்தப் பகுதியின் முக்கிய இனம் பிராமன். குஜராத்தின் காங்ரேஜ், கிர், ஆந்திரத்தின் ஓங்கோல் மாதிரியான நம் நாட்டு மாடுகளின் வழியில் அமெரிக்காவில் உருவாகி, 1933-இல் குவீன்ஸ்லாந்துக்கு வந்த இனம். வெயிலையும் உண்ணியையும் தாங்கும், அதற்காகத்தான் இங்கே நிலைத்தது. ஆனால் ஐரோப்பிய இனங்களைவிடச் சட்டென்று மிரளும். நன்றாக நடத்தினால் நன்றாகப் பழகும் என்பதும் உண்மை.

சரி, குணத்தை எப்படி அளப்பது? 1988-இல் ராக்ஹாம்ப்டனில் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர் ஹெதர் பர்ரோவும் சக ஆய்வாளர்களும் ஒரு வழியை வெளியிட்டார்கள். பிடிகூண்டிலிருந்து விடுபட்ட மாடு சுமார் 2 மீட்டர் தூரத்தைக் கடக்க எத்தனை நொடி எடுக்கிறது என்று ஒளிக்கற்றை வைத்துப் பதிவுசெய்வது, அவ்வளவுதான். மிரண்டது பாய்ந்து ஓடும், சாதுவானது நிதானமாக நடந்து போகும். பார்ப்பவரின் அபிப்பிராயத்துக்கு இதில் இடமே இல்லை. இன்னொரு முறை, கூண்டிலோ பட்டியிலோ மாட்டின் நடத்தையைப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது. 1 என்றால் சாது, 5 என்றால் ஆளைப் பார்த்தே பாய்கிற மாடு.

இந்த அளவுகளில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மரபுவழி வருவது. பால் உற்பத்தியின் பரம்பரைத் தன்மையும் கிட்டத்தட்ட இதே அளவுதான், அதை வைத்துத்தானே உலகமே கறவை இனங்களை மாற்றியது! லிமோசின் இனத்தைப் பாருங்கள். பிரான்சிலிருந்து வட அமெரிக்கா போனபோது முரட்டு மாடு என்று பேர் வாங்கியது. 1990-களின் தொடக்கத்திலிருந்து அங்குள்ள வளர்ப்போர் கன்றுகளுக்குக் குண மதிப்பெண் போட்டு, அதை வைத்துக் காளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சில தலைமுறைகளில் இனத்தின் சராசரியே சாதுப் பக்கம் நகர்ந்தது.

வருமானத்துக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1997-இல், கால்நடை நடத்தை நிபுணர் டெம்பிள் கிராண்டின் பங்கேற்ற அமெரிக்காவின் கொலராடோ ஆய்வில், கூண்டில் அமைதியாக நின்ற மாடுகளே நாளொன்றுக்கு அதிக எடை கூடின. அப்புறம் இறைச்சி. மிரண்டு மிரண்டே தசையில் சேமித்திருக்கும் சர்க்கரைச் சத்தான கிளைகோஜனைத் தீர்த்துவிட்ட மாட்டை வெட்டினால், லாக்டிக் அமிலம் போதிய அளவு உருவாகாது, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5 அருகே இறங்காமல் மேலேயே நின்றுவிடும், இறைச்சி கறுத்துப்போகும். பிஎச் 5.70-ஐத் தாண்டினால் ஆஸ்திரேலியாவின் இறைச்சித் தர முறையான எம்எஸ்ஏவின் தரம் கிடைக்காது, விலை இறங்கும். வெப்பமண்டல இனங்களில், நிதானமாக வெளியேறும் மாடுகளின் வாரிசுகளுக்கு இறைச்சி மென்மையாக இருக்கும் போக்கும் மரபணு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஏலம். மாதக்கணக்கில் கையால் தீவனம் வைத்து, தடவிக்கொடுத்துப் பழக்கிய காளை ஏலத்தில் ஆட்டுக்குட்டி போல நிற்கும். அந்தப் பழக்கம் கன்றுகளுக்குப் போகாது, பிறவிக் குணம்தான் போகும். அதனால் கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கும் பருவத்தில், அதிகம் பழக்குவதற்கு முன்பே எடுத்த அளவைக் கேளுங்கள். காளைகளின் மரபு மதிப்பைக் கணக்கிட்டுத் தரும் பிரீட்பிளான் பட்டியலில் அந்தக் காளைக்குக் குண மதிப்போ கூண்டிலிருந்து வெளியேறும் நேர மதிப்போ இருக்கிறதா, அதன் நம்பகத்தன்மை எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வளர்ப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: முரட்டுக் கன்றுகளை முன்கூட்டியே விற்றுவிட்டு மிச்சத்துக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். ஒன்றாக வளர்ந்த மொத்தக் கூட்டத்தையும் அளந்தால்தான் ஒப்பீடு சரியாக வரும். மோசமான மதிப்பெண்தான் கணக்குக்கு ரொம்பத் தேவை.

காளை நல்லதாக இருந்தால் போதும், ஆட்கள் எப்படி வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மீதி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பாலும் வளர்ப்பிலும் சூழலிலும்தான் இருக்கிறது. தாயைப் பிரித்த கன்றுகளை ஒரு வாரம், பத்து நாள் நல்ல பட்டியில் வைத்து, வைக்கோலும் தண்ணீரும் கொடுத்து, ஆட்கள் நிதானமாக நடுவே நடந்து பழக்கினால் அதன் பலன் வருஷங்களுக்கு நிற்கும். மின்தார்க்கோலும் கத்தலும் நாயும் சேர்ந்தால் சாதுவான கன்றும் கெடும்.

மாடுகளைக் கழிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கன்று ஈன்ற சில நாட்களில் தாய்ப்பசு கிட்ட வருபவரை முட்ட வருவது தனிக் குணம், காட்டுநாய் நடமாடும் இடத்தில் அதுதான் கன்றைக் காப்பாற்றும். அந்தச் சமயத்தில் முட்ட வந்தது என்பதற்காக மட்டும் அவளை விற்றுவிடாதீர்கள். கன்று இல்லாத காலத்தில், பட்டியில், தப்பிக்க வழி இருந்தும் ஆளைத் தேடி வருகிற பசு வேறு ரகம். அவளை அடுத்த லாரியிலேயே ஏற்றிவிடுங்கள், அவள் கிடேரியையும் பொலிக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.