டி.எஸ்.ஹெச். ஏறினால் தைராய்டு இறங்குகிறது

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 9 என்று வந்ததும் "தைராய்டு ஏறிவிட்டது" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். பெரும்பாலும் நடந்திருப்பது நேர்மாறு. டி.எஸ்.ஹெச்.சைச் சுரப்பது மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் "இன்னும் சுர" என்று கழுத்துச் சுரப்பியை அது விரட்டும். கூடினால் வாயை மூடிக்கொள்ளும்.

அந்த விரட்டல் மிகை. தைராய்டு சுரக்கும் முக்கிய ஹார்மோனான டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.ஹெச். ஏறத்தாழ நூறு மடங்கு வரை எகிறலாம். அதனால்தான் இதை முதலில் பார்க்கிறார்கள். வரம்பு தாண்டினால் பிறகு ஃப்ரீ டி4, அதாவது ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4. டி.எஸ்.ஹெச். 2-லிருந்து 4 ஆனால் நோய் இரட்டித்ததாக அர்த்தமில்லை.

பெரியவர்களுக்கு வழக்கமான வரம்பு லிட்டருக்கு 0.4 முதல் 4.0 மில்லி யூனிட். லேபுக்கு லேப் சற்று மாறும், கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு. டி.எஸ்.ஹெச். கூடி ஃப்ரீ டி4 குறைந்தால் சுரப்பு போதவில்லை. டி.எஸ்.ஹெச். அடிமட்டத்தில், ஃப்ரீ டி4 உச்சத்தில் என்றால் மிகைச்சுரப்பு. டி.எஸ்.ஹெச். 4-க்கும் 10-க்கும் இடையில் நின்று ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் அவசரம் வேண்டாம்: இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் பலருக்குத் தானே இறங்கியிருக்கும். ஃப்ரீ டி4 குறைந்தும் டி.எஸ்.ஹெச். ஏறாமல் இருந்தால்தான் கவலை. அங்கே பிட்யூட்டரியையே சந்தேகிக்க வேண்டும், டி.எஸ்.ஹெச். மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ரிப்போர்ட்டை சென்னையிலிருக்கும் சொந்தக்காரர் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பயப்படுவதும் உண்டு. இங்கே ஃப்ரீ டி4 லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று வரும். அங்கே பெரும்பாலும் டெசிலிட்டருக்கு நானோகிராம். அவருடைய 1.2-ஐ 12.87-ஆல் பெருக்கினால் 15.4. உங்களுடையது 15 என்றால் இரண்டும் ஒன்றுதான்.

மெஷினையே ஏமாற்றுவது பயோட்டின் என்ற வைட்டமின். உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். முடி உதிர்வுக்கு வாங்கும் மாத்திரைகளில் 5, 10 மில்லிகிராம்கூட இருக்கும். பல கருவிகளில் டி.எஸ்.ஹெச்.சைப் பிடிக்கும் ஆன்டிபாடியின் வாலில் பயோட்டின் கட்டியிருக்கும். ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டினை இறுகப் பற்றும் புரதம்) பூசிய துகள் அந்த வாலைப் பற்றிக்கொள்ளும். ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்த இடங்களை முந்திப் பிடித்தால், பிடிபட்ட டி.எஸ்.ஹெச். கழுவலில் போய்விடும், மெஷின் குறைவாகக் காட்டும். ஃப்ரீ டி4 சோதனையில் கணக்கு தலைகீழ், சிக்னல் குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று படிக்கும். நலமாக இருப்பவருக்கு மிகைச்சுரப்பு என்று ரிப்போர்ட் வந்துவிடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் சமையல் உப்பில், தைராய்டு ஹார்மோன் உருவாகத் தேவையான அயோடினைச் சேர்ப்பது கட்டாயம். ஆகவே டி.எஸ்.ஹெச். ஏறியதும் அயோடினுக்காகக் கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்குவது வீண். மிஞ்சிய அயோடினே சுரப்பைக் கெடுக்கும்.

எல்ட்ராக்ஸின் (டி4 மாத்திரை) சாப்பிடுபவர்களுக்கு நேரமே முக்கியம். டி4 பாதியாகக் கரைய ஏழு நாள் ஆகும். டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.ஹெச். நிலைக்கு வரும். தைப்பூசக் காவடி விரதத்தோடு மாத்திரையையும் சில வாரம் விட்டுவிட்டு, டாக்டரைப் பார்க்கும் முன் நாலைந்து நாள் ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் ஃப்ரீ டி4 நிமிர்ந்திருக்கும், டி.எஸ்.ஹெச். மட்டும் மேலேயே நிற்கும். விட்டதைச் சொல்லாவிட்டால் டோஸ் வீணாகக் கூட்டப்படும். சோதனை நாளன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி விடுங்கள்.